எதிர்ப்பக்கத்துப் புள்ளி

எங்கள் வீட்டுக்கும் லோகேஸ்வரி அக்கா வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். கிள்ளானில் அந்தக் காலத்தில் கட்டிய வரிசை வீடுகளில் சுவர் என்பது பெயருக்குத்தான். அங்கே மிளகாய் தாளித்தால் இங்கே தும்மல் வரும். அக்காவின் கணவர் கமலநாதன் அண்ணனின் குறட்டையை வைத்தே அவர் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார் என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். அதனால் அந்த வாரம் அவர்கள் வீட்டில் நடந்த சண்டையை நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் என் மேல் பழி போட முடியாது. சண்டைதான் சுவரைத் தாண்டி என்னைத் தேடி வந்தது.

"நான் கோடு போட்டு முடிச்சி, எழுந்து போய் தண்ணி குடிச்சிட்டு வந்த பொறகு அது ஆடி அசஞ்சி வருது. இதுல எப்படிங்க கோலம் போடுறது?"

"கொஞ்சம் பொறுமையா இரு லா லோகு. செட்டிங்தான் பிரச்சன. அத சரி பண்ணிட்டா வெண்ணெ மாரி போவும்."

"நேத்தும் இதேதான் சொன்னீங்க."

"நேத்து சொன்னது வேற செட்டிங்."

நான் அப்போது வாசல் போர்ச்சில் பாய் விரித்து, பச்சைச் சாயம் போட்ட நொய்யரிசியைக் காயவைத்துக்கொண்டிருந்தேன். ஐப்பசி மாதத்தில் கிள்ளானில் மதியம் இரண்டு மணி வரைக்கும் மண்டையைப் பிளக்கும் வெயில். அதற்குப் பிறகு துறைமுகம் பக்கமிருந்து கருமேகம் கிளம்பி வரும். அரிசியைக் கிளறிவிட்டுக்கொண்டே வானத்தையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு தூறல் பட்டாலும் பச்சைச் சாயம் ஓடி, அரிசி பாசிபிடித்தது போலாகிவிடும். நான் பாயின் மேல் பழைய சேலையைப் போட்டு மூடிவிட்டு, பச்சைக் கையோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

சாப்பாட்டு மேசை மேல் அவர்கள் மகளின் பழைய லேப்டாப் இருந்தது. அதற்கு முன்னால் சிலேட்டுப் பலகை மாதிரி கறுப்பாக ஒரு பலகை. அந்தப் பலகையில் பேனாவால் வரைந்தால் லேப்டாப் திரையில் கோடு விழும். அக்கா பேனாவைத் துடைப்பக்கட்டையைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு முறைத்தாள். அண்ணன் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு, அதில் ஏதோ வெள்ளைக்காரப் பையன் பேசும் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எந்த மெஷினும் தனக்கு அடங்கும் என்று ஒரு நம்பிக்கை அவருக்கு உண்டு. அந்த நம்பிக்கையால் அந்த வீட்டு ரைஸ் குக்கர் ஏற்கனவே பாழாகியிருந்தது.

"புனிதா, வா. நீயே சொல்லு," என்றாள் அக்கா. "வெள்ளிக்கெழம டிசைன் அனுப்பணும். இந்த மனுசன் இன்னும் படிச்சிக்கிட்டே இருக்காரு."

என்ன டிசைன், எங்கே அனுப்பணும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு முன்னால் தலைநகர் கே.எல். மால்களில் நடுத்தளத்தில் சாயம் போட்ட அரிசியால் பெரிய கோலம் போடுவார்களே, பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ஒரு மாலில் அந்தக் கோலம் எங்களுடையது. எங்களுடையது என்றால், லோகேஸ்வரி அக்காவும் அமுதவள்ளி அக்காவும் போடுவது. நாங்கள் மற்றவர்கள் அரிசிக்குச் சாயம் ஏற்றி, சாக்கில் கட்டிக் கொண்டுபோய், அவர்கள் போட்ட கோட்டுக்குள் நிரப்புகிறவர்கள். அமுதா அக்கா போன வருடத் தீபாவளி முடிந்த கையோடு போய்ச் சேர்ந்துவிட்டாள். டயாலிசிஸ், அது இது என்று இழுத்தடித்து, கடைசியில் ஒரு நாள் காலையில் செய்தி வந்தது.

அதற்குப் பிறகு லோகேஸ்வரி அக்கா கோலமே போடவில்லை. வெள்ளிக்கிழமை வாசலில் போடுகிற சின்னக் கோலம்கூட இல்லை. வாசலைக் கழுவிவிட்டு, ஈரம் காய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பிறகு உள்ளே போய்விடுவாள். கமலநாதன் அண்ணன் ஒரு நாள் வேலியோரம் நின்று என்னிடம் சொன்னார்: "புனிதா, அவ சாப்புடுறா, தூங்குறா, நாடகம் பாக்குறா. எல்லாம் செய்றா. ஆனா கை சும்மா இருக்கு. அந்தக் கைய பாக்க எனக்கு முடியல லா." சொல்லிவிட்டு, கொய்யா மரத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். அந்த மரத்துக்குக் காலையில்தான் ஊற்றியிருந்தார்.

மாலில் இருந்து இந்த வருடம் புதிதாக விமலன் என்ற பையன் பேசினான். முன்பு மணிலா அட்டையில் வரைந்து போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். இந்த வருடம் கம்ப்யூட்டரில் வரைந்த ஃபைலாக வேண்டும், போட்டோவைப் பெரிதாக்கினால் கலங்கிவிடுகிறது என்றான். வெள்ளிக்கிழமைக்குள் வரவில்லையென்றால் மேனேஜ்மென்ட் தரையில் ஸ்டிக்கர் ஒட்டிவிடும் என்றும், கெஞ்சுகிற குரலில் சொன்னான். அக்கா, "ஒட்டிக்கச் சொல்லுங்க," என்று சொல்லப் போனாளாம். அதற்குள் அண்ணன் போனைப் பிடுங்கி, "டிசைன் வரும் தம்பி," என்று சொல்லிவிட்டார். மறுநாளே ரயிலேறி கே.எல். போய் இந்தப் பலகையை வாங்கி வந்தார். அக்கா மறுபடி உட்கார்ந்தால் போதும், அவருக்கு அதுதான் கணக்கு.

அக்கா உட்கார்ந்துவிட்டாள். அது பெரிய விஷயம். ஆனால் பலகைதான் ஒத்துழைக்கவில்லை.

"கோடு ஏன்ணே லேட்டா வருது?" என்று கேட்டேன்.

"அதான் பாத்துக்கிட்டு இருக்கேன். மொதல்ல கோடு நடுங்குச்சி. அதுக்கு ஸ்மூத்னு ஒண்ணு இருக்கு, அத ஏத்தினா நடுக்கம் போவும்னு இந்தப் பையன் சொன்னான். ஏத்தினேன்."

"எவ்வளவு ஏத்துனீங்க?"

"ஃபுல்லா." அதை அவர் பெருமையாகவே சொன்னார். "ஃபுல்லா வச்சா நல்லதுதானே? ஃபேனு ஃபுல்லா வச்சாத்தான் காத்து வருது."

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். வீடியோவை இன்னும் கொஞ்சம் ஓடவிட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. நடுக்கத்தைக் குறைக்க அந்த மெஷின் கை போன வழியை யோசித்து யோசித்து, நேர்படுத்தி, பிறகுதான் கோட்டை விடுமாம். ஃபுல்லாக வைத்தால் ரொம்ப யோசிக்குமாம். அண்ணன் முகத்தைச் சுளித்துக்கொண்டு அதைக் கால்வாசிக்கு இறக்கினார். அது போதாதென்று, பேட்டரியை மிச்சம் பிடிக்கிற செட்டிங் வேறு ஓடிக்கொண்டிருந்தது. அதை அவரே போட்டு வைத்திருக்கிறார். அந்த வீட்டில் ஆளில்லாத அறையில் லைட் எரிந்தால் வழக்கு விசாரணை நடக்கும். அந்தச் சிக்கனத்தை லேப்டாப்பிலும் காட்டியிருக்கிறார். அதையும் அணைத்த பிறகு கோடு பேனாவோடு கூடவே வந்தது.

"ஆங், இப்ப வருது," என்றாள் அக்கா. ஒரு வட்டம் போட்டாள். திரையில் விழுந்தது கோழி முட்டை.

"இது என்னங்க?"

"வட்டம்."

"என் கண்ணுக்கு முட்டையாத் தெரியுது. உங்க கண்ணுக்கு வட்டமாத் தெரிஞ்சா கண்ண செக் பண்ணுங்க."

பலகை ஒரு அளவு, திரை ஒரு அளவு. இரண்டையும் ஒரே அளவுக்குக் கட்ட வேண்டுமாம். அதைக் கண்டுபிடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நான் அரிசியைப் பார்க்க ஓடினேன்.

மறுநாள் புதன்கிழமை. மீன் குழம்பு கொண்டுபோகிற சாக்கில் மறுபடி போனேன். முட்டை வட்டமாகிவிட்டது. ஆனால் அக்கா அதைவிடப் பெரிய சிக்கலில் இருந்தாள். நடுவில் ஒரு தாமரை, அதைச் சுற்றிப் புள்ளிவைத்த சிக்குக் கோலம், வெளியே விளக்கு வரிசை. இதுதான் அவள் மனதில் இருந்த டிசைன். தாமரையின் ஒரு இதழைப் போட்டுவிட்டு, பலகையைக் கையால் கால்வட்டம் திருப்பி அடுத்த இதழைப் போட்டாள். பேனா ஒரு பக்கம் போக, கோடு இன்னொரு பக்கம் ஓடியது.

"பாத்தியா புனிதா? இது வேணும்னே செய்யுது."

"லோகு, பலகைய திருப்பக் கூடாது லா. பலகைய திருப்பினா அதுக்குத் தெரியாது. மேல எது கீழ எதுன்னு கொழம்பிப் போவும்."

"கோலத்தச் சுத்தி வராம எப்படிங்க போடுறது? ஒரே எடத்துல உக்காந்துகிட்டு எட்டி எட்டிப் போட நான் என்ன பல்லியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தரையில் கோலம் போடுகிறவள் கோலத்தைச் சுற்றி வருவாள். இங்கே சுற்றி வர வழியில்லாததால் கோலத்தைத் தன்னைச் சுற்றி வரவைக்கப் பார்த்தாள். அண்ணன் வெள்ளைக்காரப் பையனை மறுபடி தட்டி எழுப்பினார். பலகை அசையாமலே திரையில் தாளை மட்டும் திருப்ப ஒரு வழி இருந்தது. அதற்குக் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்த வேண்டும். அந்தக் கட்டையை அழுத்தும் பொறுப்பை அண்ணன் ஏற்றுக்கொண்டார். அக்கா "திருப்புங்க" என்றால் திருப்புவார், "போதும்" என்றால் நிறுத்துவார். கிரேனில் உட்கார்ந்து கீழே இருப்பவன் காட்டும் சைகைக்கு வேலை செய்த பழக்கம் அங்கே உதவியது. மாலைக்குள் தாமரை முடிந்தது. உண்மையைச் சொன்னால், அழகாக இருந்தது.

அன்றைக்குக் குழம்புச் சட்டியைக் கழுவிக்கொடுத்தபோது அக்கா, "அமுதா இருந்தா இந்தப் பலகைய பாத்து என்ன சொல்லியிருப்பா?" என்றாள். ஒரு வருடத்தில் அவள் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இதுல சீரியல் வருமான்னு கேட்டிருப்பாங்க," என்றேன். அக்கா சிரித்தாள்.

வியாழக்கிழமை எல்லாம் கெட்டது. மழை விட்டு, மாமரத்து இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த நேரம். சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு அக்காவின் குரல்: "எனக்கு வேணாம். ஸ்டிக்கரே ஒட்டட்டும்."

போய்ப் பார்த்தேன். சிக்குக் கோலத்துக்குப் புள்ளி வைக்கத் தொடங்கியிருக்கிறாள். ஒரு புள்ளி வைத்தால், பேனா முனையைச் சுற்றி ஒரு வளையம் கிறுகிறுவென்று ஓடி வருகிறது. உடனே ஒரு பட்டியல் விரிந்து, வெட்டவா, ஒட்டவா, அழிக்கவா என்று கேட்கிறது. அடுத்த புள்ளிக்கும் அப்படியே.

"டக்குனு வச்சிட்டு எடுத்துரு. அழுத்தாத," என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் அழுத்தல."

"அழுத்துற லா. பேனா கெட்டுப்போச்சுன்னு நெனைக்கிறேன். மாத்திக் குடுப்பான்."

"நாளைக்கு வெள்ளிக்கெழம. எப்பப் போய் மாத்துறது?"

"இன்னொரு தடவ வைங்கக்கா," என்று நான் சொன்னேன். வைத்தாள். நான் திரையைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்தேன். பேனாவை வைத்தவள் எடுக்கவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் தூக்கி, மேசைக்கு எதிர்ப்பக்கம் பார்த்தாள். எதிரே இருந்தது வெறும் நாற்காலி. அதற்குள் வளையம் வந்துவிட்டது. இந்தக் கையை நான் எத்தனை வருடமாகப் பார்த்திருக்கிறேன்!

மாலில் கோலம் போடும் நாளில், விடியற்காலை முதல் ரயிலில் நாங்கள் போவோம். ஆளுக்கொரு அரிசிப் பை மடியில். மாலின் பின்பக்கம் லோரி நிற்கும் இடத்தின் வழியாக எங்களை உள்ளே விடுவார்கள். கடைகள் மூடியிருக்கும், எஸ்கலேட்டர் நின்றிருக்கும், தரை ஐஸ் மாதிரி இருக்கும். அமுதா அக்கா வாழையிலையில் கட்டிய நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றைப் பிரித்து, "மொதல்ல வயித்துக்குக் கோலம்," என்பாள். சுத்தம் செய்யும் மலாய் அக்காவுக்கும் ஒரு பொட்டலம் உண்டு. சம்பல் வாசமும் பினாயில் வாசமும் கலந்து வரும். பிறகு அவர்கள் இரண்டு பேரும் நடுப்புள்ளிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, எதிரும் புதிருமாக உட்காருவார்கள். நூல் பிடிப்பதில்லை, அளவு எடுப்பதில்லை. லோகேஸ்வரி அக்கா தன் பக்கம் புள்ளி வைத்துவிட்டு விரலை எடுக்கமாட்டாள். அந்த விரலைப் பார்த்துத்தான் அமுதா அக்கா தன் பக்கத்தில் அதே தூரத்தில் வைக்க வேண்டும். ஆனால் அமுதா அக்கா எதிலும் கொஞ்சம் தாமதம். இருவரும் ஒரே எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலை பார்த்த காலத்தில் ஃபேக்டரி பஸ் தினமும் அவள் வீட்டு முன்னால் ஹார்ன் அடித்துக்கொண்டு நிற்குமாம். கோலத்திலும் அப்படித்தான். கண்ணாடியைச் சரிசெய்வாள், விரலை ஊதுவாள், யாரோ வீட்டுக் கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வாள்.

"வச்சிட்டியாடி?"

"இரு லா, வரேன்."

"எனக்கு வெரல் மரத்துப்போச்சு."

"வரேங்கிறேன்ல."

வைத்துவிடுவாள். அப்புறம்தான் இவள் விரல் எழும். அடுத்த புள்ளி. அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு நாங்கள் அரிசியைப் பிரித்துக் கிண்ணங்களில் கொட்டிக்கொண்டிருப்போம். அந்தக் காலைகளுக்காக நான் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

"அண்ணே, பேனா நல்லாத்தான் இருக்கு," என்றேன். "அக்கா அழுத்தல. காத்துக்கிட்டு இருக்காங்க."

"யாருக்கு?"

நான் மேசைக்கு எதிர்ப்பக்கம் கையைக் காட்டினேன். அண்ணன் எதிர் நாற்காலியைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அக்காவுக்கும் அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். தன் கையையே புதிதாகப் பார்ப்பவள் போலப் பார்த்தாள்.

அண்ணன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். வீடியோவில் தேடினார், கிடைக்கவில்லை. தானே ஒவ்வொரு பக்கமாகத் திறந்து படித்துக்கொண்டு போனார். பேனாவை வைத்துக்கொண்டு நின்றால், மௌஸின் வலது பொத்தானை அமுக்கியதாக எடுத்துக்கொள் என்று அந்த மெஷினுக்கு யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சரி அடையாளம் இருந்தது. அண்ணன் அதை எடுத்துவிட்டார்.

"இப்ப வை லோகு. எவ்வளவு நேரம் வேணும்னாலும் வச்சிக்க. அது ஒண்ணும் கேக்காது."

வைத்தாள். நின்றாள். வளையம் வரவில்லை. புள்ளி மட்டும் கறுப்பாக, வட்டமாக உட்கார்ந்திருந்தது. இன்னொன்று வைத்தாள். அதற்கும் நின்றாள். தன் பாதி முழுக்க அப்படியே வைத்துக்கொண்டு போனாள். அண்ணன் எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் அடுப்படிக்குப் போய் மூன்று பேருக்கும் கோப்பி கலக்கினேன்.

சும்மா இருந்திருக்கலாம் அந்த மனுசன். கோப்பி குடித்த தெம்பில், "இன்னொரு செட்டிங் பாத்தேன் லோகு. சூப்பர் செட்டிங். உனக்குப் பாதி வேல மிச்சம்," என்றார். எதையோ தட்டினார். திரையின் நடுவில் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. "இப்ப உன் பக்கம் ஒரு புள்ளி வை."

அக்கா வைத்தாள். அதே நொடியில், எதிர்ப்பக்கத்தில், அதே தூரத்தில், தானாக ஒரு புள்ளி விழுந்தது.

"பாத்தியா! நீ ஒண்ணு வச்சா அது ஒண்ணு வைக்கும். எதிர்ல ஆளே தேவையில்ல," என்று அண்ணன் மேசையைத் தட்டினார்.

அக்கா பேனாவை மேசையில் வைத்தாள். சத்தம் வராமல் மெதுவாக வைத்தாள். அவள் தூக்கிப் போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

"அத நிறுத்துங்க."

"ஏன் லா? நல்லாத்தானே..."

"நிறுத்துங்கங்கிறேன்ல. அவ இவ்வளவு சீக்கிரம் வரமாட்டா."

அண்ணனின் முகம் விழுந்துவிட்டது. பாவம், ஒரு வாரமாகக் கண் எரிய எரியப் படித்து அந்தக் கையை மேசைக்குக் கொண்டுவந்தவர். தன் வாயாலேயே அதைத் திரும்பப் போகவைத்துவிட்டார். நடுக்கோட்டை அழித்தார். தானாக விழுந்த அந்தப் புள்ளியையும் அழித்தார். ஆனாலும் அக்கா பேனாவைத் தொடவில்லை.

"நான் அந்தப் பக்கமும் வச்சிருவேன். தாளத் திருப்பினா முடிஞ்சிரும்," என்றாள். "ஆனா வைக்க மாட்டேன். அது அவ பக்கம். நான் வச்சா அவ இல்லேன்னு நானே எழுதிக் குடுத்த மாரி. பாதியிலேயே விட்டுருவோம். விமலன் தம்பிகிட்ட சொல்லிருங்க."

பக்கத்துத் தெருப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். நாளைக்கு வெள்ளிக்கிழமை. இந்த மேசையைவிட்டு எழுந்தால் இவள் இனி எந்த மேசையிலும் உட்காரமாட்டாள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் ஏன் அதைச் செய்தேன், எனக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. எழுந்து போய் அந்த எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"லேப்டாப்ப ஓரமா தள்ளி வைங்கண்ணே. அக்காவுக்கு மட்டும் தெரிஞ்சா போதும்," என்றேன். பலகை எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. "அக்கா, நீங்க வச்ச மொத புள்ளி எங்க இருக்குன்னு வெரல வைங்க."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமா, வேறு ஏதாவதா என்று சொல்ல முடியவில்லை. நாங்கள் அரிசி நிரப்புகிறவர்கள். கோடு போடும் பக்கம் நாங்கள் வருவதில்லை. அது எழுதாத சட்டம். நான் பேனாவை எடுத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, அக்காவின் விரல் பலகையில் வந்து உட்கார்ந்தது.

நான் பேனாவைப் பலகையில் படாமல் எதிர்ப்பக்கத்தில் பிடித்தேன். பேனா எங்கே நிற்கிறது என்பது திரையில் சின்ன அம்பாகத் தெரியுமாம். எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும்.

"உள்ள வா," என்றாள்.

"இவ்வளவா?"

"இன்னும் கொஞ்சம். ரொம்பப் போய்ட்ட. வெளிய. ஆங். வை."

வைத்தேன். அவள் விரல் எழுந்தது. அடுத்த இடத்துக்குப் போனது. நின்றது.

"வச்சிட்டியா?" என்றாள்.

"இருங்கக்கா, வரேன்," என்றேன். வேண்டுமென்று சொல்லவில்லை, கண்ணில் தண்ணீர் நின்று பலகை தெரியவில்லை. அதனால்தான் அப்படிச் சொன்னேன். அவள் காத்திருந்தாள்.

புள்ளிகள் முடிந்ததும், பேனாவை மாற்றி மாற்றி வாங்கி, சிக்குக் கோடும் அப்படியே போட்டோம். அவள் பாதியை அவள் போட்டாள், என் பாதியை நான் போட்டேன். என் கோடு வளைய வேண்டிய இடத்தில் யோசித்தது, நேராகப் போக வேண்டிய இடத்தில் ஊர்வலம் போனது. கமலநாதன் அண்ணன் எங்களுக்கு நடுவில் நின்று, செட்டிங் எதையும் தொடாமல், கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அவ்வளவு நேரம் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை காலையில் ஃபைல் போய்விட்டது.

திங்கட்கிழமை விமலன் கூப்பிட்டபோது நான் அவர்கள் வீட்டுப் போர்ச்சில் உட்கார்ந்து, காய்ந்த சிவப்பு அரிசியைச் சலித்துக்கொண்டிருந்தேன். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஆன்டி, டிசைன் நல்லா இருக்கு. மேனேஜ்மென்ட் ஓகே சொல்லிட்டாங்க. ஒரு சின்ன விசயம்தான். மேல் பாதி கொஞ்சம் கோணலா இருக்கு, கீழ் பாதி மாரி இல்ல. எங்க டிசைனர் கீழ் பாதிய எடுத்து அப்படியே மேல திருப்பிப் போட்ருவாரு. ஒரே கிளிக் ஆன்டி."

கோணல் பாதி யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. நான் சலிப்பதை நிறுத்தினேன். எனக்கு வெட்கமாக இருந்தது. 'சரி சொல்லுங்கக்கா' என்று கையைக் காட்டினேன்.

"வேணாம் தம்பி. கிளிக் பண்ணாதீங்க," என்றாள் அக்கா. "அது ரெண்டு பேரு எதிரெதிர உக்காந்து போட்டது. ரெண்டு கை எப்படி ஒண்ணாட்டம் இருக்கும்?"

"இல்ல ஆன்டி, பாக்குறவங்க..."

"பாக்கட்டும். அத மாத்துறதா இருந்தா நீங்க ஸ்டிக்கரே ஒட்டிக்குங்க. நான் கோவிச்சிக்க மாட்டேன்."

கமலநாதன் அண்ணன் கதவோரம் நின்று தலையில் கை வைத்துக்கொண்டார். போனில் மாலின் சங்கீதம் மட்டும் தூரத்தில் கேட்டது.

"சரி ஆன்டி. அப்படியே விட்ருவோம்," என்றான் விமலன். பிறகு, "அப்ப கோலத்துக்கிட்ட வைக்கிற போர்டுல ரெண்டு பேரு பேரயும் போடணும்ல? பேரு சொல்லுங்க, எழுதிக்கிறேன்," என்றான்.

"லோகேஸ்வரி," என்றாள் அக்கா. அதோடு நிறுத்திக்கொண்டாள்.

அந்த போர்டில் எல்லா வருடமும் லோகேஸ்வரி, அமுதவள்ளி என்றுதான் இருக்கும். இந்த வருடமும் அப்படியே இருக்கட்டும் என்றுதான் நான் விரும்பினேன். சத்தியமாக விரும்பினேன். அவள் அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"இன்னொண்ணு ஆன்டி?"

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்து, "புனிதா," என்றாள்.

அமுதா அக்காவின் சாவு வீட்டில் நான் அழுதேன், பதினாறாம் நாள் அழுதேன். ஆனால் அவள் இனி வரவே மாட்டாள் என்று எனக்கு உறைத்தது அந்த நிமிடத்தில்தான். சலித்த அரிசி மடியில் கிடக்க, நான் சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். அக்காவும் அழுதாள். போனை வைத்துவிட்டு, ஒரு வருடமாக அழாத அழுகையெல்லாம் அழுதாள். அண்ணன் எங்களை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனார்.

அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அக்கா என் பக்கம் திரும்பினாள். எங்கள் எல்லோரிடமும் அவள் எப்போதும் தன்மையாகத்தான் பேசுவாள். அவளிடம் திட்டு வாங்கியவள் அமுதா அக்கா ஒருத்திதான்.

"அந்தக் கோணலுக்கு யாருடி காரணம்?" என்றாள். "கண்ண எங்க வச்சிக்கிட்டு போட்ட? தரையில இந்த மாரி போட்டியோ, அந்த எடத்துலயே வெரல ஒடிச்சிருவேன்."